தகரக் கொட்டகை முதல் பாம்பன் பாலம் வரை: தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும் துத்தநாகம்

கோடை மத்தியானத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தகரத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் இருக்க வாய்ப்பில்லை. அதுவும் சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடம் மாதிரி கரிசல் காட்டு ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தத் தகரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. ராஜஸ்தான் மலைகளில் தொடங்கி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போய், கப்பலேறித் திரும்பி வந்து, காரைக்குடி வழியாகப் பாம்பன் கடலில் போய் நிற்கிற சரித்திரம் அது.

முதலில் ஒரு வேடிக்கை. நாம் தகரம் என்று சொல்கிறோமே, அந்தக் கூரைத் தகரத்தில் தகரம் கிடையாது! தகரம் என்றால் வெள்ளீயம். கூரையில் இருப்பது எஃகுத் தகடு. அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. கடையில் ஜி.ஐ. ஷீட் என்று கேட்டு வாங்குகிறோம். ஜி.ஐ. என்றால் கால்வனைஸ் செய்த இரும்பு. தண்ணீர் வாளி, ஜி.ஐ. பைப், முள்வேலிக் கம்பி, வயல் நடுவே நிற்கிற உயர் அழுத்த மின்கோபுரம் என்று கிராமத்தில் கண்ணில் படும் பாதி இரும்புச் சாமான்கள் இந்தப் பூச்சில்தான் உயிர் வாழ்கின்றன.

ஈயம் பூசுவதும் துத்தநாகம் பூசுவதும் ஒன்றா?

ஒரு உலோகத்தின் மேல் இன்னொரு உலோகத்தைப் பூசுவது நமக்குப் புதிதல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தெருத் தெருவாக வந்த காலம் ஒன்று இருந்தது. பூசாத பித்தளையில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும். அதனால் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைப் போட்டுத் துடைத்து, உருகிய ஈயத்தை உள்ளே ஒரு சுற்றுச் சுற்றித் தேய்ப்பார்கள். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும்.

வெளிநாட்டில் இதையே இரும்புத் தகட்டுக்குச் செய்தார்கள். பழைய பிஸ்கட் டின், எண்ணெய் டின் எல்லாம் அப்படி வெள்ளீயம் பூசிய தகடுகள். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஈயப் பூச்சு ஒரு போர்வை, அவ்வளவுதான். போர்வையில் ஓட்டை விழாத வரைக்கும் இரும்புக்கு ஆபத்தில்லை. ஒரு கீறல் விழுந்தால் போச்சு! அந்த இடத்தில் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிப்பதை விட வேகமாகத் துருப்பிடிக்கும்.

துத்தநாகப் பூச்சு அப்படியல்ல. ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றியும், கத்தரித்த ஓரத்திலும், சின்னக் கீறலிலும் இரும்பு வெளியே தெரிந்தாலும் உடனே துருப்பிடிக்காது. பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முந்திக்கொண்டு தன்னைக் கரைத்துக்கொள்ளும்.

ஏன் அப்படி? துருப்பிடிப்பது என்பது உண்மையில் ஒரு குட்டி பேட்டரி வேலை செய்வது போல. ஈரம் பட்ட உலோகம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. எலக்ட்ரானை விட்டுக் கொடுக்கும் சுபாவம் எல்லா உலோகத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. அதை வோல்ட்டில் அளந்து வைத்திருக்கிறார்கள். துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76. இரும்புக்கு மைனஸ் 0.44. வெள்ளீயத்துக்கு மைனஸ் 0.14. யாருடைய எண் அதிகமாகக் கீழே இருக்கிறதோ அவர் முதலில் கரைவார். இரும்பும் துத்தநாகமும் ஒட்டிக்கொண்டு நனைந்தால் துத்தநாகம் கரையும். இரும்பும் ஈயமும் ஒட்டிக்கொண்டு நனைந்தால் இரும்பு கரையும். கதையே இதுதான்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. துத்தநாகம் கரைந்தாலும் மிக மெதுவாகத்தான் கரைகிறது. காற்றும் ஈரமும் கரியமில வாயுவும் பட்டு அதன் மேல் துத்தநாக கார்பனேட் என்ற சாம்பல் நிறப் படலம் உருவாகிறது. புது ஷீட்டின் பளபளப்பு ஒன்றிரண்டு வருஷத்தில் மங்கிப் போவதற்கு அதுதான் காரணம். மங்கினால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கவசம் போட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

ஆக, துத்தநாகம் துருவை நிறுத்துவதில்லை. தன்னைக் கொடுத்து நேரத்தை வாங்கித் தருகிறது. இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக் கொண்டால் மீதிச் சரித்திரம் சுலபமாகப் புரியும்.

ஆவியாகிப் போன உலோகம்

இரும்பு, செம்பு, ஈயம் எல்லாம் மனிதனுக்குச் சீக்கிரம் கிடைத்துவிட்டன. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டிய தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் கிடைத்தன. ஆனால் துத்தநாகம் மட்டும் ஏமாற்றிக்கொண்டே இருந்தது.

காரணம் அதன் கொதிநிலை. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்கவோ 1000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதாவது உலோகம் பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது. திறந்த உலையில் அந்த ஆவி காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகிப் பறந்துவிடும். உலையைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது!

இந்தப் புதிரைத் தொழிலாகவே அவிழ்த்துக் காட்டியவர்கள் ராஜஸ்தானில் உதய்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவர் என்ற ஊர்க்காரர்கள். கத்தரிக்காய் வடிவத்தில் மண் குடுவை செய்தார்கள். அதற்குள் தாதுவையும் கரியையும் திணித்து, காம்பு போன்ற நீண்ட குழாயை வாயில் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரு உலையில் வரிசைக்கு ஆறாக 36 குடுவைகள். மேலே நெருப்பு, கீழே குளிர்ச்சியான அறை. ஆவி மேலே போக வழியில்லாமல் குழாய் வழியாகக் கீழே இறங்கி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக உலோகமாக விழுந்தது. எவ்வளவு எளிமையான யோசனை!

1980களில் இந்த இடத்தைப் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் மூன்றும் சேர்ந்து ஆராய்ந்தபோது, குடுவைகள் உள்ளே இருந்தபடியே உலைகள் கிடைத்தன. ஊரைச் சுற்றிலும் பயன்படுத்தி எறிந்த குடுவைகள் மலை மலையாகக் கிடந்தன. சில வீட்டுச் சுவர்களே அந்தக் குடுவைகளால் கட்டப்பட்டவை. ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே பெரிய அளவில் துத்தநாகம் காய்ச்சினார்கள் என்பது அதனால் உறுதியானது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. நம் சித்த மருத்துவத்தில் நாக பற்பம் என்று ஒன்று இருக்கிறது. அந்த நாகம் பாம்பு அல்ல, துத்தநாகம்தான். கீழைக்கடல் வணிகத்தில் போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் துத்தநாகத்துக்கு எழுதிய பெயர் டூட்டநாக். இந்தியக் கரையோரத்தில் வழங்கிய துத்தநாகம் என்ற சொல்லிலிருந்துதான் அது போயிருக்க வேண்டும் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். சரக்கோடு பேரும் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டது.

1738-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் சாம்பியன் என்பவர் துத்தநாகம் காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆவியைக் கீழ்நோக்கி இறக்கும் அதே தத்துவம்! 1746-ல் ஜெர்மனியில் மார்க்கிராஃப் அதைத் தனி உலோகமாகப் பிரித்து விவரித்தார். பாடப் புத்தகங்களில் பெயர் அவருக்குப் போனது. ஜாவரிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலைகள் அணைந்தன. போரும் பஞ்சமும் அந்தப் பிரதேசத்தையே உலுக்கிய காலம் அது.

தவளைக்காலும் போர்க்கப்பலும்

உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுத்தால் பூச்சு ஒட்டிக்கொள்ளும் என்று 1742-லேயே பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் மலுவான் என்ற வேதியியலாளர் சொல்லிவிட்டார். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று அன்றைக்குத் தெரியாது. தொழிலாகவும் பெரிதாக வளரவில்லை.

ஏன் என்பதற்கு விடை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. இத்தாலியில் லூயிகி கால்வானி 1780களில் செத்த தவளையின் காலை இரண்டு வெவ்வேறு உலோகங்களால் தொட்டார். கால் துடித்தது! மின்சாரம் தவளையில் இருக்கிறது என்று அவர் நினைத்தார். இல்லை, இரண்டு உலோகங்கள் சேர்வதில் இருக்கிறது என்றார் அலெசாண்ட்ரோ வோல்டா. 1800-ல் துத்தநாகத் தகடுகளையும் வெள்ளித் தகடுகளையும் நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை வைத்து அடுக்கி, முதல் பேட்டரியைச் செய்து காட்டினார்.

இதைக் கப்பலுக்குக் கொண்டு போனவர் சர் ஹம்ப்ரி டேவி. அப்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடிப்பது வழக்கம். கடல் நீரில் அந்தச் செம்பு அரித்துக் கொண்டே போனது. 1824-ல் டேவி ஒரு வழி சொன்னார். செம்போடு கொஞ்சம் துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துப் பொருத்துங்கள், அது அரிபடும், செம்பு பிழைக்கும். செய்து பார்த்தார்கள். செம்பு அரிக்கவே இல்லை. அபார வெற்றி!

ஆனால் வேறொரு தலைவலி வந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்ததால்தான் அதுவரை சிப்பியும் பாசியும் கப்பலடியில் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை மொய்த்துக் கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனாலும் டேவியின் தத்துவம் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் எஃகுக் கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். கட்டி கரையக் கரைய மாற்றுகிறார்கள்.

அடுத்து வந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஸ்டானிஸ்லாஸ் சோரல். சுத்தம் செய்த இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறைக்கு 1837 மே 10 அன்று காப்புரிமை பெற்றார். இது வெறும் போர்வை அல்ல, மின் இயல்பால் காப்பாற்றுகிறது என்று புரிந்து, கால்வானியின் பெயரையே அதற்கு வைத்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் கிராஃபோர்டும் காப்புரிமை எடுத்தார். ஆக, ஒரு செத்த தவளையின் புண்ணியத்தில் வந்த பெயர்தான் நம் ஊர் இரும்புக் கடைப் பலகையில் கால்வனைஸ் என்று எழுதியிருக்கிறது!

முறை இன்றைக்கும் அடிப்படையில் அதேதான். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அமிலத் தொட்டியில் துருவைக் கழுவி, துத்தநாக அம்மோனியம் குளோரைடு கரைசலில் நனைத்து, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போட்டாரே, அவர் தேடிய பலனைத்தான் இந்தக் கரைசலும் தருகிறது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடுதானே! தொட்டிக்குள் இரும்பும் துத்தநாகமும் எல்லையில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து உலோகக் கலவை அடுக்குகளாகி விடுகின்றன. அதனால்தான் பெயின்ட் மாதிரி இது சுலபத்தில் உரிந்து வருவதில்லை.

திரும்பி வந்த சரக்கு

1829-ல் லண்டனில் ஹென்றி பாமர் இரும்புத் தகட்டை அலை அலையாக மடிக்கும் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மெல்லிய தகடும் நெளித்தால் வலுவாகும். நெளிதகட்டுக்குக் கால்வனைஸ் பூச்சும் சேர்ந்ததும் உலகத்தின் கூரையே மாறியது. லேசானது, அடுக்கிக் கப்பலில் ஏற்றலாம், கொத்தனார் தேவையில்லை. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பிரிட்டிஷ் தொழிற்சாலைகளிலிருந்து தகடு போய்க்கொண்டே இருந்தது. துத்தநாகம் காய்ச்சத் தெரிந்த நாடு, துத்தநாகம் பூசிய தகட்டை இறக்குமதி செய்தது.

இந்த இடத்தில் வணிகம் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 1907-ல் தொடங்கிய டாடா நிறுவனம் 1912-ல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்த்தது. வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் திணறியபோது 1924-ல் எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து இறக்குமதிக்கு வரி போட்டது. கால்வனைஸ் தகடும் அதில் ஒரு முக்கியமான சரக்கு. 1932-ல் ஒட்டாவா ஒப்பந்தத்தை ஒட்டி வந்த ஏற்பாட்டில் இந்தத் தகட்டுக்கு மூன்று விதமான வரி. இந்திய எஃகைக் கொண்டு பிரிட்டனில் செய்த தகட்டுக்கு மிகக் குறைவு. மற்ற பிரிட்டிஷ் தகட்டுக்கு நடுத்தரம். வேற்று நாட்டுத் தகட்டுக்கு அதிகம். ஒரு கூரைத் தகட்டுக்குள் எவ்வளவு அரசியல் பாருங்கள்!

தகடு உள்நாட்டில் செய்ய ஆரம்பித்த பிறகும் பூசுகிற துத்தநாகம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஹிந்துஸ்தான் ஜிங்க் 1966 ஜனவரியில் அரசு நிறுவனமாக உருவானது. 1967-ல் கேரளாவில் ஆலுவா பக்கம் கொமின்கோ பினானி ஆலையும், 1968-ல் உதய்பூர் அருகே தேபாரியில் ஹிந்துஸ்தான் ஜிங்க் உருக்காலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஜாவரில் அணைந்த நெருப்பு அதே உதய்பூர் வட்டாரத்தில் மறுபடி எரிய ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

கிராமத்து அடி பம்பு

1970களில் வறட்சிப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு தோண்டி அடி பம்பு வைத்தார்கள். வார்ப்பிரும்புப் பம்புகள் அடிக்கடி உடைந்தன. அதற்கு மாற்றாக யூனிசெஃப் உதவியோடு உருவானது இந்தியா மார்க் 2 பம்பு. கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்த்து, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனத்தில் உற்பத்தி தொடங்கியது. அதன் தலையும் தொட்டியும் தாங்கு கால்களும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை. வெயிலிலும் மழையிலும் சகதியிலும் வருஷக் கணக்கில் நின்றதற்கு அந்தப் பூச்சும் ஒரு காரணம்.

ஆனால் துத்தநாகத்தின் எல்லையையும் அதே பம்புதான் காட்டியது. நிலத்தடி நீரில் அமிலத்தன்மை கூடிய இடங்களில் தண்ணீருக்குள் தொங்கிய ஜி.ஐ. குழாய்கள் சீக்கிரமே அரித்துப் போயின. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. வெளியே நிற்கும் உடம்பு புதிதாக இருக்க, உள்ளே குழாய் போய்விட்டது. அப்படிப்பட்ட இடங்களில் துருப்பிடிக்காத எஃகோ பிளாஸ்டிக்கோ தேவைப்பட்டது. எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கிடையாது.

காரைக்குடியும் துரு வரைபடமும்

எந்த ஊரில் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று தெரியாமல் எந்தப் பூச்சு போதும் என்று எப்படிச் சொல்வது? அதைக் கண்டுபிடிக்கும் வேலையைச் செய்தது நம் காரைக்குடிதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார்.

அந்த நிலையம் செய்த வேலைகளில் ஒன்று பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். இரும்பு, துத்தநாகம், அலுமினியத் துண்டுகளை எடை போட்டு, சட்டத்தில் மாட்டி, வெட்டவெளியில் வைப்பார்கள். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் காத்திருந்து, துருவைக் கழுவி மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் அந்த ஊர்க் காற்று தின்ற அளவு. இப்படிப் பல ஊர்களில் அளந்து இந்தியாவின் துரு வரைபடம் போட்டார்கள். இதற்காகக் கடலோரத்தில் அவர்கள் நிலையம் அமைத்த இடங்களில் ஒன்று மண்டபம். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் தெரிவது பாம்பன்.

உலகத் தர நிர்ணய அமைப்பு இப்படிப்பட்ட அளவுகளைக் கொண்டு காற்றை வகை பிரித்திருக்கிறது. மிதமான காற்றில் துத்தநாகம் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். உப்புக் காற்று அதிகமான கடலோரத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரான். அதையும் தாண்டிய மிகக் கடுமையான இடங்களில் 25 மைக்ரான் வரை கூடப் போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூச்சு ஒன்றும் இல்லாத எஃகோ கடலோரத்தில் வருஷத்துக்கு 80 முதல் 200 மைக்ரான் வரை போகும்.

பாம்பன் கேட்ட கேள்வி

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் பகுதியைப் பார்க்கவே கூட்டம் வரும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டு போனது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் போயின. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாதது, புயல் இல்லாத மற்ற நாட்களின் கதை. புயல் ஒரு ராத்திரி அடித்தது. உப்புக் காற்று 108 வருஷம் அடித்தது. துருவைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, தேய்ந்த பாகத்தை மாற்றுவது, பலப்படுத்துவது, மறுபடி சுரண்டுவது. இதை ஒரு தலைமுறை தொழிலாளர்கள் அடுத்த தலைமுறைக்குக் கையளித்துக்கொண்டே வந்தார்கள். 1988-ல் பக்கத்தில் சாலைப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் தீவுக்குத் தரைவழி என்று இருந்தது இந்த ஒன்றுதான். கடைசியில் ஜெயித்தது துரு. தூக்குப் பகுதி அரித்துப் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. தீவுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லை. யாத்ரீகர்களும் வியாபாரிகளும் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியாகப் போனார்கள்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலத்தைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். செலவு சுமார் 550 கோடி ரூபாய். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. வெளி எஃகின் மேல் முதலில் துத்தநாகத்தை உருக்கித் தூவிய பூச்சு, அதை மூட எபாக்சி, அதற்கு மேல் பாலிசிலாக்சேன். இவ்வளவு பெரிய உத்தரங்களைத் தொட்டியில் முக்க முடியாது. அதனால்தான் துத்தநாகத்தை உருக்கித் துப்பாக்கி போன்ற கருவியால் தூவுகிறார்கள்.

இங்கேயும் துத்தநாகம் செய்வது கூரைத் தகட்டில் செய்யும் அதே வேலைதான். மேல் பூச்சு போர்வை. அது கிழிந்தால் அடியில் இருக்கும் துத்தநாகம் தன்னைக் கொடுக்கும். ஆனாலும் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடுகளைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. இந்தப் பூச்சு முறை 35 வருஷம் தாங்கும் என்பது ரயில்வே தரப்பின் பதில். அந்தப் பதில் சரியா என்று பாம்பன் காற்று ஒவ்வொரு நாளும் பரீட்சை வைத்துக் கொண்டிருக்கிறது.

தேய்மானக் கணக்கு

2016-ல் அமெரிக்காவின் அரிப்புப் பொறியாளர் சங்கம் வெளியிட்ட ஆய்வு, உலகம் முழுதும் அரிப்பால் ஆகும் செலவு வருஷத்துக்கு 2.5 லட்சம் கோடி டாலர் என்றது. உலக உற்பத்தியில் 3.4 சதவீதம்! கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்ற வார்த்தை புத்தகத்தில் ஒரு வரி. கடலோரத்தில் அது கண்ணால் பார்க்கிற பொருள். பழுப்பு நிறத்தில் உதிரும்.

இதை ஒரு சாதாரணக் கூரைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷீட்டில் துத்தநாகத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். அது இரண்டு பக்கமும் சேர்த்து. 275 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான். 120 கிராம் என்றால் சுமார் 8 மைக்ரான். வருஷத்துக்கு ஒரு மைக்ரான் கரையும் உள்நாட்டு ஊரில் முதல் ஷீட்டின் பூச்சு 19 வருஷம் தாங்கும். இரண்டாவது 8 வருஷம். வருஷத்துக்கு ஐந்து மைக்ரான் கரையும் கடலோரத்தில் முதல் ஷீட் நாலு வருஷம் கூட முழுசாகத் தாங்காது. இரண்டாவது இரண்டு வருஷத்துக்குள் கதை முடிந்தது. இரண்டும் புதிதில் ஒரே மாதிரிதான் மின்னும்!

இரண்டுக்கும் துத்தநாக வித்தியாசம் சதுர மீட்டருக்கு 155 கிராம். துத்தநாகம் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 46 ரூபாய் 50 காசு. பத்துச் சதுர மீட்டர் ஆட்டுக் கொட்டகைக்கு 465 ரூபாய். அதற்குக் கிடைப்பது பதினோரு வருஷம். இதை விட லாபமான முதலீடு எந்த பேங்கில் இருக்கிறது?

ஆனால் கடையில் நாம் கேட்பது என்ன? அடி என்ன விலை, கனம் எவ்வளவு, கலர் என்ன? துத்தநாகம் எத்தனை கிராம் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்காததற்கான அபராதத்தை, கைக்காசு போட்டுக் கொட்டகை கட்டியவர் எட்டாவது வருஷம் ஒரு மழை நாளில் கட்டுவார். பெரிய அளவில் அதையே ஒரு தீவு ஊர் ரயில் இல்லாமல் கட்டியது. பூச்சுக்கான பணத்தை முதலிலேயே கொடுக்கலாம். இல்லையென்றால் வட்டியோடு பின்னால் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தப்பிக்க மட்டும் வழியில்லை.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று ஒரு பழமொழி உண்டு. துத்தநாகத்தைப் பார்த்து இரும்பு இளிக்க முடியாது. அது கும்பிட வேண்டிய இடம். ஷீட் வாங்கப் போகும்போது இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: "அண்ணாச்சி, இதுல துத்தநாகம் எத்தனை கிராம்?"